துக்கவீட்டில் சொல்லக்கூடாத சொல்

படலையைத் தாண்டி வெளியே வந்துவிட்டோம். தவம் முன்னால், நான் நடுவில், ஸ்ரெல்லா கடைசியில். நெடுந்தீவு வெயில் கல்வேலியில் பட்டு முகத்துக்குத் திரும்பி அடித்தது. பின்னேர லோஞ்சைப் பிடிக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், செத்தவீட்டிலிருந்து மனிதர் எப்படிப் போவார்களோ அப்படிப் போய்க்கொண்டிருந்தோம்.

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஸ்ரெல்லா படலைக்கே திரும்பிப் போய்விட்டாள். அதன் மேல்தடியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, முற்றத்தைப் பார்த்து உரத்துச் சொன்னாள்:

"நேசன், நான் போட்டு வாறன். வாற சனிக்கிழமை வருவன்."

மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த நேசனின் தகப்பனார் வாளியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை! உப்பிடிச் சொல்லப்படாது!"

தவம் என் காதுக்குள் முணுமுணுத்தான். "முடிஞ்சுது. இனி நாங்கள் இந்தத் தீவுக்குள்ள கால் வைக்கேலாது. லோஞ்சிலயும் ஏத்தாயினம். நீந்திறதுதான்."

வேப்பமரத்தின் கீழ் சாய்ந்திருந்த நேசன் மெல்லத் தலையைத் தூக்கினான். அன்று காலை நாங்கள் வந்ததிலிருந்து அவன் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

அவன் என்ன சொன்னான் என்பதற்கு முன்னால், நாங்கள் ஏன் அப்படிக் குனிந்துகொண்டு போனோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

எழும்பிப் போகிற முறை

எங்கள் பக்கத்தில் 'போறன்' என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டால் பெற்ற தாயே பிடரியில் தட்டுவாள். "என்னடா போறன்? வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ!" கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வான். கனடாவுக்குப் பிளேன் ஏறியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். வந்தார்களா என்பது வேறு கதை.

அந்தச் சொல் செல்லாத இடம் ஒன்றே ஒன்று. துக்கவீடு. அங்கே வந்த பாட்டில் வந்து, இருந்த பாட்டில் இருந்து, சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். 'வாறன்' என்று சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருவேன் என்று ஆகிவிடுமாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு சொல்லலாமா? வருசம் திரும்பி ஆட்டத்திவசம் வரும் மட்டும் பொறுக்க வேண்டுமா? ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கதை மாறும். சரியாகத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? சொல்லாமல் விடுவார்கள். சொல்லாமல் விட்டால் பிழை இல்லைத்தானே என்று நினைப்பார்கள்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நாலு சில்லுக் கம்பஸ்

போன கிழமை எங்கள் பஸ்ஸின் ஹோர்ன் சத்தத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி, "ஐயா எந்தக் கம்பஸில் படித்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பிள்ளை, நான் படித்த கம்பஸுக்கு நாலு சில்லு. குறிகட்டுவான் துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் காலையில் திறந்து பின்னேரம் மூடும்.

ஏ.எல். இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் விழுந்தவன் நான். தனியார் மினிபஸ் ஒன்றில் கொண்டக்டராகத் தொற்றிக்கொண்டேன். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருசமோ, அதற்கடுத்த வருசமோ, சரியாக நினைவில்லை. சுருட்டுச் சுற்றி வந்த பழைய பேப்பர், பயணிகள் விட்டுப்போன புத்தகம் எல்லாம் படிப்பேன். அதைவிட, ஏறுகிற சனம் சொல்லுகிற பழமொழிகளை டிக்கட் புத்தகத்தின் பின்மட்டையில் எழுதி வைப்பேன். "தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று கடகத்தோடு ஏறிய ஒரு மனிசி சொன்னது அந்த மட்டைகளில் ஒன்றில் இருந்தது. அதன் அருத்தம் பிந்தித்தான் விளங்கியது.

காலை முதல் ஓட்டத்தில் பின் சீட் கம்பஸ் பிள்ளைகளுக்கு. அதிலே மூன்று பேர் நிரந்தரம்.

தவம் வேலணை. அவனுக்கு வாய் ஓய்ந்தால் பஸ்ஸின் எஞ்சின் நின்றுவிட்டதோ என்று டிரைவர் சின்னத்தம்பி அண்ணை திரும்பிப் பார்ப்பார். நேசன் நெடுந்தீவு. தினமும் கடல் கடந்து வந்துபோக ஏலாது என்பதால் தவத்தின் வீட்டில் ஓர் அறையில் இருந்து படித்தான். ஸ்ரெல்லா கரம்பொனிலிருந்து சைக்கிளில் வேலணைச் சந்திக்கு வந்து ஏறுவாள். தெற்கே படித்துக்கொண்டிருந்தவள், கலவரத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்து, இங்கே இவர்களோடு இரண்டாம் வருசத்தில் சேர்க்கப்பட்டவள். அதிகம் பேச மாட்டாள்.

அவர்களைவிட எனக்கு இரண்டு வயதுதான் கூட. ஆனாலும் நான் "குணம் அண்ணை". தவத்துக்கு மட்டும் "கொண்டக்டர்". ஏறினவுடன் ஆளுக்கொரு பகிடி விடுவது என் வழக்கம். காசு வாங்காத சேவை.

சோதினை முடியட்டும்

இனி எழுதப்போவதை நான் பல வருசம் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இரண்டாம் வருசப் பரீட்சை தொடங்கிய அன்று, முதல் ஓட்டத்தில் மூவரையும் இறக்கிவிட்டுத் திரும்பிக் குறிகட்டுவான் வந்தோம். நெடுந்தீவு லோஞ்சில் வந்தவர்கள் ஏறினார்கள். அவர்களில் நேசனின் தகப்பனார் கந்தையரும் இருந்தார். மாடு வளர்க்கிற மனிதர். தன் மனைவியைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார். அந்த அம்மாவுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. முன் சீட்டில் இருத்தினோம். சின்னத்தம்பி அண்ணை அன்று ஓர் இடத்திலும் நிறுத்தாமல் பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார்.

இறங்கும்போது கந்தையர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, பெடியனுக்கு மூச்சும் விடாதையும். சோதினை முடியட்டும். இவவுக்கு இது வாறதுதான், ரெண்டு நாளில எழும்பியிடுவா. தாய்க்கும் அதுதான் விருப்பம்."

அந்த அம்மாவும் தலையாட்டினா. நான் "ஓம்" என்றேன். யார்தான் இல்லை என்று சொல்லுவார்கள்? பிள்ளைக்குப் பரீட்சை என்றால் வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் மெல்லமாக அணைக்கிற ஊர் எங்கள் ஊர்.

அன்று பின்னேரம் நேசன் ஏறியதும் வழக்கம்போலக் கேட்டான்.

"அண்ணை, நெடுந்தீவால ஏதும் சேதி?"

"இல்லை" என்றேன்.

இரண்டாம் நாளும் கேட்டான். இல்லை என்றேன். மூன்றாம் நாளும் கேட்டான். அன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோதுதான் அவனுடைய அம்மா பஞ்சுத் தலையணையில் சாய்ந்திருந்து, "பிள்ளை எழுதுறானாமோ?" என்று என்னிடம் விசாரித்திருந்தா. அதையும் விழுங்கிக்கொண்டு இல்லை என்றேன்.

நாலாம் நாள் விடியப்புறம் அந்த அம்மா போய்விட்டா. ஆஸ்பத்திரிக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் இடையில் அரை மணி நடை. அன்றைய பேப்பரையும் அவன் எழுதட்டும் என்று கந்தையர் சொன்னார். மத்தியானம் கேற்றுக்கு வெளியே அவரும் நானும் நின்றோம். நேசன் சிரித்துக்கொண்டு வந்தான். நல்லாய் எழுதியிருந்தான் போல. தகப்பனாரைக் கண்டதும் அந்தச் சிரிப்பு எப்படிப் போனது என்பதை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை.

மிச்சம் இரண்டு பேப்பர். அவன் எழுதவில்லை.

தவத்தின் கொப்பிகள்

செத்தவீட்டுக்கு நாங்கள் மூவரும் போனோம். இருந்தோம். சொல்லாமல் எழும்பினோம். கம்பஸிலிருந்து வந்த இன்னும் இருபது முப்பது பேரும் அப்படியே.

"பாவம், அவனை இப்ப கரைச்சல்படுத்தக் கூடாது. அந்தியேட்டி முடிய வருவான்" என்று பேசிக்கொண்டோம். முடிந்தது. அவன் வரவில்லை. கடிதம் போட்டோம். பதில் இல்லை. ஒருநாள் கந்தையர் நெய்ப் போத்தல்களோடு பஸ்ஸில் ஏறினார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"கதையே இல்லைத் தம்பி. என்ரை முகத்தைப் பாக்கிறானில்லை. பகல் முழுக்க மாவலித் துறையில போய் இருக்கிறான். கிணத்தடிக்குப் போனாலும் நான் பின்னாலை போறன். எனக்குப் பயமாக் கிடக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டபிறகு பஸ்ஸில் எனக்குக் கால் நிற்கவில்லை. பின் சீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அடுத்த தவணை தொடங்க ஆறு கிழமை இருந்தது. அதற்கும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றான் தவம். "பேர் கிடக்கட்டும். ஆள் வேணும்" என்றாள் ஸ்ரெல்லா.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை போனோம். என் இடத்தில் நிற்பதற்கு டிரைவர் தன் மைத்துனனைப் பிடித்துத் தந்தார்.

தவம் ஒரு றெக்சின் பை நிறையக் கொப்பி கொண்டுவந்திருந்தான். நேசன் எழுதாத பாடங்களுக்கான நோட்ஸ் எல்லாம் தன் கையால் பிரதி பண்ணியது. அன்புதான், வேறென்ன? ஆனால் இருந்ததும் இராததுமாகத் தொடங்கிவிட்டான்.

"மச்சான், அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும். ஒரு நாளைக்கு ஒரு பாடம். நீ இப்பிடி இருந்தா அம்மான்ரை ஆத்துமா சாந்தியடையுமோ, சொல்லு பாப்பம்?"

நேசன் கொப்பிகளைப் பார்த்தான். பிறகு மாட்டைப் பார்த்தான். பிறகு ஒன்றையும் பார்க்கவில்லை.

நான் என் பங்குக்கு, "எல்லாம் காலம் ஆத்தும்" என்றேன். சொன்ன வாயாலேயே அது எவ்வளவு உப்புச் சப்பில்லாத கதை என்று தெரிந்தது. பழமொழி சேர்க்கிறவனுக்கு வருகிற வருத்தம் அது. தேவையான நேரத்தில் பிழையான மருந்துப் போத்தலைத் திறந்துவிடுவான்.

நேசனின் தங்கச்சி சோறு தந்தாள். தின்றோம். லோஞ்சுக்கு நேரமானது. ஆட்டத்திவசம் முடியாத வீடு. சொல்லலாமோ, சொல்லக்கூடாதோ? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சொல்லாமல் எழும்பினோம்.

"சொல்லட்டும் ஐயா"

இந்தக் கட்டத்தில்தான் ஸ்ரெல்லா படலைக்குத் திரும்பிப் போனாள். கந்தையர் "சொல்லப்படாது" என்று பதறினார்.

நேசன் வேப்பமரத்தடியில் இருந்தபடியே பேசினான். குரல் கறள் பிடித்த கதவு போல வந்தது.

"சொல்லட்டும் ஐயா."

கந்தையர் அப்படியே நின்றார். மகன் அவரோடு பேசி எத்தனை கிழமை.

"எல்லாரும் வந்தினம். எல்லாரும் எழும்பிப் போச்சினம். ஒருத்தரும் வாறன் எண்டு சொல்லேல்லை" என்றான் நேசன். பிறகு ஸ்ரெல்லாவைப் பார்த்தான். "எந்தச் சனி?"

"வாற சனி. அதுக்கு அடுத்த சனியும்."

"கொப்பி கொண்டு வரவேண்டாம்."

"இல்லை. தவத்தைக் கொண்டு வரலாமோ?"

நேசன் கொஞ்சம் யோசித்தான். "வாயைக் கட்டிக்கொண்டு வாங்கோ."

லோஞ்சில் தவம் அவளைக் கேட்டான். "ஏன் ஐசே, உமக்கு உதை ஆர் சொல்லித் தந்தது?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் அங்கையிருந்து கப்பலில வந்து இறங்கினாப்பிறகு ஊரே வந்து பாத்தது. அழுதிச்சினம், போச்சினம். பிறகு இங்கை கம்பஸுக்கு வந்தன். பாவம், அவள் எவ்வளத்தைக் கண்டிருப்பாள், விடுங்கோ எண்டு எல்லாரும் விட்டினம். லெக்சரில எனக்குப் பக்கத்துக் கதிரை ரெண்டு மாசம் சும்மா கிடந்தது. பாவம் எண்டு விட்டா ஆள் தனிய."

தவம் றெக்சின் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். எனக்கு வேறொன்று நினைவு வந்தது. அவள் முதன்முதல் பஸ்ஸில் ஏறிய கிழமை, எல்லாருக்கும் பகிடி விட்ட நான் அவளை மட்டும் தாண்டிப் போயிருந்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

சனிக்கிழமைகள்

இப்போது இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் வந்துவிட்டன. உளவளத்துணை என்கிறார்கள், சகபாடி ஆதரவு என்கிறார்கள். படித்தவர்கள் அறைபோட்டுச் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். எங்களுக்குத் தெரிந்தது ஒரேயொரு சட்டம்தான்: எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டு எழும்ப வேண்டும், சொன்ன நாளில் வர வேண்டும்.

வந்து என்ன செய்தோம்? ஒன்றும் இல்லை. மாட்டுக்குப் புல் வெட்டினோம். சீட்டுக் கடதாசி விளையாடினோம். தவம் சொன்ன வாக்கைக் காப்பாற்றி வாயைப் பேசுவதற்குத் திறக்காமல் தின்பதற்கு மட்டும் திறந்தான். தயிரும் பனங்கட்டியும் குழைத்து அவன் சோறு அடித்த வேகத்தைப் பார்த்து நேசனின் தங்கச்சி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

"டேய், எங்கடை சிவலை மாடு உனக்குத் தோத்துது" என்றான் நேசன்.

அதுதான் அவனிடமிருந்து வந்த முதல் பகிடி. தவம் எழும்பி நின்று கும்பிட்டான்.

இரண்டாவது சனிக்கிழமை, மாடு தள்ளி விழுத்திய கல்வேலியை நேசனும் நானும் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தோம். கடல் கல், கையைக் கீறும். மற்றவர்கள் கிணற்றடியில் இருந்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் அந்த மூன்று "இல்லை"யும் கிடந்து அழுத்தின. இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இனியும் சோறு தின்ன ஏலாது என்று பட்டது.

"நேசன், அம்மா ஆசுப்பத்திரியில இருந்தது எனக்குத் தெரியும். என்ரை பஸ்ஸிலதான் கொண்டு போனது. நீர் கேக்கக் கேக்க நான் பொய் சொன்னனான்."

அவன் கல்லை வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தான்.

"தெரியும் அண்ணை."

"எப்பிடி?"

"அந்த மூண்டு நாளும் நீங்கள் பகிடி விடேல்லை. அண்ணைக்கு வீட்டில ஏதோ கரைச்சல் எண்டு நினைச்சனான். என்ரை வீட்டிலதான் எண்டு நினைக்கேல்லை. நான் கேட்டிருக்கவேணும். நான் வடிவாக் கேட்டிருந்தா நீங்கள் சொல்லியிருப்பியள். சோதினை யோசினையில விட்டிட்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இத்தனை நாளும் அவன் எதைத் தின்றுகொண்டிருந்தான் என்று. எங்கள் மேல் கோபம் அல்ல. தன் மேல்.

"நீர் கேட்டனீர்" என்றேன். "முதல் நாள் கேட்டனீர். ரெண்டாம் நாள் கேட்டனீர். மூண்டாம் நாள் பஸ்ஸில ஏற முதலே கேட்டனீர். உம்மிலை பிழையில்லை. நீர் கேட்டனீர், நான்தான் மறைச்சனான்."

அவன் கையில் கல்லோடு நிலத்தில் இருந்துவிட்டான். அழுதான். ஆம்பிளை அழலாமோ என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கிணற்றடியிலிருந்து ஓடிவரப் பார்த்த தவத்தை ஸ்ரெல்லா சட்டையில் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

மாட்டுக் கொட்டிலில் நின்ற கந்தையருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவர் வந்தார். நேசன் விட்ட இடத்திலிருந்து கல் அடுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழிய ஒரு பெரிய கல்லைத் தூக்கப் பார்த்தார்.

"ஐயா, அது பாரம். விடுங்கோ, நான் தூக்கிறன்" என்றான் நேசன்.

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

லோஞ்ச் ஓடாத நாள்

நாலாவது சனிக்கிழமை சோளகக் காற்று பிய்த்து உதறியது. குறிகட்டுவானில் போய் நின்றால் லோஞ்ச் கட்டிக் கிடக்கிறது. எப்போது ஓடும் என்று கேட்டோம். "கடலுக்கும் கடுதாசிக்கும் நேரம் சொல்லேலாது பெடியள்" என்றார் லோஞ்ச்காரர். வேறு நாளென்றால் மட்டையில் எழுதியிருப்பேன்.

ஸ்ரெல்லா பேயறைந்தவள் போல நின்றாள். "சொல்லிப்போட்டுப் போகாமல் விட்டா, சொல்லாமல் விட்டதைவிட மோசம்" என்றாள். அன்று பொழுதுபடும் மட்டும் துறையில் நின்றோம். அலை குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று விழுந்தது. சேர்ச்சில் பூசையையும் விட்டுவிட்டு அவள் வந்தாள். மாவலித் துறையை நெருங்கும்போது பார்த்தோம், நேசன் நிற்கிறான். தவம் லோஞ்சில் இருந்தே கத்தினான். "மச்சான், நேற்று வந்தனாங்கள்! கடல் விடேல்லை!"

"எனக்கென்ன கண் பொட்டையே?" என்று அவனும் கத்தினான். "நேற்று நானும் இதில நிண்டு கடலைப் பாத்தனான். ஓடாதெண்டு தெரியும். இண்டைக்கு வருவியள் எண்டும் தெரியும். இறங்குங்கோ. கொப்பி கொண்டு வந்தனீங்களோ?"

தவம் தன் றெக்சின் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அந்த மோடன் ஒவ்வொரு கிழமையும் அதைக் கொண்டுவந்து லோஞ்ச்காரரிடம் கொடுத்துவைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான்.

மண்டைதீவுச் சந்தி

தவணை தொடங்கிய திங்கட்கிழமை. நேசன் முதல் நாளே தவத்தின் வீட்டுக்கு வந்துவிட்டான். வெள்ளைச் சேட்டு, படிய இழுத்த தலை. பின் சீட்டில் மூன்று பேரும் இருந்ததைக் கண்டு டிரைவர் ஒருதரம் சும்மாவே ஹோர்ன் அடித்தார்.

பண்ணைத் தாம்போதி வீதியில் பாதி வந்திருப்போம். இரண்டு பக்கமும் கடல். தூரத்தில் பட்டினம் தெரியத் தொடங்கியது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. என்னால ஏலாது."

மண்டைதீவுச் சந்தியில் பஸ் நின்றது. நேசன் இறங்கி வீதிக் கரையில் குந்திவிட்டான். பட்டினம் தெரிகிற பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. தவமும் ஸ்ரெல்லாவும் பின்னாலேயே இறங்கினார்கள்.

முன் சீட்டிலிருந்த கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நினைச்ச இடத்தில நிப்பாட்ட இது என்ன உவையின்ரை சொந்தக் காரோ?"

"ஓம் அண்ணை, கலியாணக் கார். நீங்கள்தான் மாப்பிளை, இறங்கிப் போடாதையுங்கோ!" என்றான் தவம்.

சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் நிறைய ஆட்கள், நான் நிற்க முடியாது. நேசனுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"பத்து மணிக்குத் திரும்பி வருவம். இதிலயே நிப்பாட்டுவன். நிண்டால் ஏறும், வீட்டை போவம். ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம். நாளைக்கும் இந்த பஸ் ஓடும்."

அவன் தலையாட்டினானா என்றும் தெரியவில்லை. பஸ் வெளிக்கிட்டது.

பட்டினத்தில் நான் ஆட்களை ஏற்றியதும் இறக்கியதும் எப்படி என்று கேட்காதீர்கள். பத்து மணிக்குச் சந்திக்கு வந்தோம். ஒருவரையும் காணவில்லை.

வெறும் வீதி. இரண்டு பக்கமும் அந்தத் தண்ணீர். குதித்து இறங்கி இந்தப் பக்கம் ஓடினேன், அந்தப் பக்கம் ஓடினேன். டிரைவரும் இறங்கிவிட்டார். முழங்காலளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"மூண்டு பேரையோ தேடுறியள்?"

"ஓம்! ஓம்!"

"இதில கனநேரம் இருந்திச்சினம். பிறகு ஒருத்தர் அழுதுகொண்டு, ஒருத்தர் ஓயாமல் கதைச்சுக்கொண்டு, ஒரு பிள்ளை குடையைப் பிடிச்சுக்கொண்டு, வீதிக்குக் கீழை கடற்கரையால நடந்து போச்சினம்."

"எந்தப் பக்கம் அண்ணை?"

அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாடியைத் தூக்கிக் காட்டினார். பட்டினப் பக்கம்.

பின்னேரம் கடைசி ஓட்டத்துக்கு மூன்று பேரும் பஸ் நிலையத்தில் நின்றார்கள். தாம்போதி முழுக்க நடந்து, பட்டினத்தில் வேறு பஸ் பிடித்து, மத்தியானத்துக்கு மேல் கம்பஸுக்குப் போயிருக்கிறார்கள். நேசன் ஏறும்போதே தொடங்கிவிட்டான்.

"குணம் அண்ணை, அந்தப் புது லெக்சரர் கரும்பலகையில எழுதிறது ஒரு எழுத்தும் விளங்குதில்லை. கன்ரீன் வடையில உப்பில்லை. நடந்து நடந்து செருப்பு காலை வெட்டிப்போட்டுது. இவன் தவம் வழிநீளப் பாட்டுப் பாடினான், அது செருப்பைவிடக் கொடுமை."

"கேட்டீரோ கொண்டக்டர்? காலமை முழுக்க அழுகை, பின்னேரம் முழுக்க முறைப்பாடு" என்றான் தவம்.

என் வாழ்க்கையில் பயணிகளிடம் எத்தனையோ முறைப்பாடு கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதைப் போல ஒன்றும் இனித்ததில்லை. இன்னும் சொல்லட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். தாம்போதி தாண்டும்போது, ஏதோ ஒரு வசனத்தின் நடுவில் அவன் நித்திரையாகிப் போனான். தலை தவத்தின் தோளில் விழுந்தது. தவம் ஆடாமல் அசையாமல், மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டிருந்தான்.

வேலணைச் சந்தி வந்தது. நான் அவனைத் தட்டப் போனேன். ஸ்ரெல்லா என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அண்ணை. குறிகட்டுவான் மட்டும் போய்த் திரும்பட்டும். நாங்களும் வாறம்."

சின்னத்தம்பி அண்ணை பஸ்ஸை ஊரவிட்டு, குலுக்காமல் நிறுத்தினார். அங்கே இறங்க வேண்டிய ஏழெட்டுப் பேர் எழும்பினார்கள். காலையில் ஏசிய கிளாக்கரும் அதில் ஒருவர். பின் சீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.